தாத்தா பாட்டிக்கு ஒரு சண்டைப் பயிற்சி!

'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க...'

வயசானவர்கள் இருக்கிற எந்த வீட்டுக்கும் வரக்கூடாத செய்தி இது. ஆனால், அடிக்கடி வருகிறது. விழுவது என்னவோ ஒரு நொடிதான். அதற்குப் பிறகு எக்ஸ்-ரே, இடுப்பு எலும்பில் ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என்று குடும்பமே ஆடிப்போய் விடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுவதால் மட்டும் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

'அதனாலதான் எங்க வீட்டுல மாமியாரை எந்திரிக்கவே விடறதில்லை. காபி, டிபன், பேப்பர் எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வந்துடும்' என்று சிலர் சொல்வார்கள். பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால், சிக்கலே அங்கேதான் இருக்கிறது!

நடக்காத கால், பலம் இழக்கிறது. பலம் இழந்த கால், தடுமாறுகிறது. ஒருமுறை தடுமாறினால் மனசுக்குள் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பயம் வந்தால் நடப்பது இன்னும் குறைகிறது. இப்படி ஒரு வட்டம். விழக்கூடாது என்று உட்கார வைக்கிறோம். உட்கார்ந்தே இருப்பதால் விழுகிறார்கள்!

இந்த வட்டத்தை உடைக்க ஒரு பயிற்சி இருக்கிறது. மருந்து இல்லை, மெஷின் இல்லை. சீனாவில் பிறந்த சண்டைக் கலை அது. பெயர், தாய்ச்சி.

'என்னது, 70 வயசுல எங்கம்மா சண்டை கத்துக்கணுமா?' என்று சிரிக்காதீர்கள். மேலே படியுங்கள்.

நாம் எப்படி நிற்கிறோம்?

விழாமல் நிற்பது சின்ன விஷயம் இல்லை. மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து ஓயாமல் தகவல் போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்று, கண். இரண்டு, காதின் உள்ளே இருக்கிற சமநிலைக் கருவி. மூன்று, பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கிற உணர்ச்சி நரம்புகள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து, 'கொஞ்சம் இடது பக்கம் சாய்கிறாய், சரி செய்' என்று மூளை காலுக்கு உத்தரவு போடுகிறது. தொடையும் கணுக்காலும் உடனே இறுகிப் பிடித்து நம்மை நிறுத்துகின்றன.

வயது ஏற ஏற இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. கண்ணில் புரை விழலாம். சர்க்கரை நோய் நீண்ட நாள் இருந்தால் பாதம் மரத்துப்போகலாம். தொடைச் சதை வற்றிவிடுகிறது. உத்தரவு வந்தாலும் கால் உடனே கேட்பதில்லை. சோப்பு நுரைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு, ஈரத் தரையில் ஒரு காலைத் தூக்கினால் என்ன ஆகும்? மூன்று துணைகளில் ஒன்று போய்விட்டது, தரையும் கைவிட்டது. அந்த நொடியில்தான் விபத்து.

கண்ணுக்குக் கண்ணாடி போடலாம், ஆபரேஷன் செய்யலாம். கால் பலத்தையும், எடையைக் காலுக்குக் கால் மாற்றுகிற பழக்கத்தையும் கடையில் வாங்க முடியாது. பயிற்சியால்தான் திரும்பப் பெறமுடியும்.

பெயரும் பிறப்பும்

தாய்ச்சி என்றதும் நம் காதில் 'தாய்' என்று விழுகிறது. அம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! சீன மொழியில் முழுப்பெயர் 'தாய்ஜி சுவான்'. 'தாய்ஜி' என்றால் எல்லாவற்றுக்கும் மேலான எல்லை. 'சுவான்' என்றால் முஷ்டி. அதாவது, குத்துச் சண்டை வகைதான். 'சீ' என்கிற உயிர்ச்சக்தியின் பெயரால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சீன மொழியில் வேறு சொல்.

இந்தக் கலை வளர்ந்த இடம், ஹெனான் மாகாணத்தில் இருக்கிற சென் ஜியாகோ என்ற கிராமம். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங் என்ற போர்வீரர் இதற்கு வடிவம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ரொம்ப காலம் அது சென் குடும்பத்தின் சொத்தாகவே இருந்தது. 1799-ல் பிறந்த யாங் லுசான் என்பவர் அந்தக் கிராமத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு, பிறகு பீஜிங்கில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ துள்ளல், குதியல், திடீர் வேகம் எல்லாவற்றையும் குறைத்து, ஒரே சீரான மெதுவான அசைவுகளாக மாற்றினார். சண்டைக்காரர்களின் கலை, சாதாரண ஜனங்களின் உடற்பயிற்சி ஆனது இப்படித்தான்.

1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை, நீளமான வரிசையைச் சுருக்கி 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவத்தை உருவாக்கியது. முழுதும் செய்ய ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். இன்றைக்கும் சீன நகரங்களின் பூங்காக்களில் காலை வேளையில் வயசானவர்கள் கூட்டமாக நின்று தாய்ச்சி செய்வதைப் பார்க்கலாம். 2020-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

மெதுவாகச் செய்வதில் என்ன லாபம்?

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் 'ஸ்லோ சைக்கிள் ரேஸ்' பார்த்திருப்பீர்களே! வேகமாக ஓட்டுவதற்கு யாராலும் முடியும். மெதுவாக, காலை ஊன்றாமல் ஓட்டுவதற்குத்தான் திறமை வேண்டும். நடையும் அப்படியே. வேகமாக நடக்கும்போது, அந்த வேகமே நம்மை அடுத்த அடிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மெதுவாக நடந்தால், ஒவ்வொரு அங்குலத்துக்கும் சதைதான் வேலை செய்தாக வேண்டும்.

தாய்ச்சியில் முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியே இருக்கும். ஒரு காலை 'நிறைந்த கால்' என்பார்கள். உடம்பின் எடை முழுதும் அதில் இருக்கும். மற்றது 'வெற்றுக் கால்'. நிறைந்த கால் மெதுவாக வெறுமையாகும். வெற்றுக் கால் மெதுவாக நிறையும். பயிற்சி நேரம் முழுக்க இந்த எடை மாற்றம்தான் நடந்துகொண்டே இருக்கிறது. தொடைக்கு வேலை, கணுக்காலுக்கு வேலை, பாதத்துக்கு வேலை. கூடவே முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், அடுத்த அசைவு ஞாபகம் இருக்க வேண்டும். ஆக, மூளைக்கும் வேலை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

'உயிர்ச்சக்தி ஓடும், எல்லா நோயும் ஓடும்' என்று சிலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சோதனை செய்து பார்த்த விஷயங்களை மட்டும் பார்ப்போம்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 200 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 1996-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு 15 வாரம் தாய்ச்சி. இன்னொரு பிரிவுக்குக் கம்ப்யூட்டர் இணைத்த கருவியில் பேலன்ஸ் பயிற்சி. மூன்றாவது பிரிவு, உடல்நலம் பற்றிப் பேசிக் கலைந்தது. தாய்ச்சி செய்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப விழுகிற ஆபத்து 47.5 சதவீதம் குறைந்தது. விழுந்துவிடுவோமோ என்கிற பயமும் குறைந்தது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 108 அசைவுகள் கொண்ட நீண்ட வரிசையை அல்ல; அதிலிருந்து தொகுத்த வெறும் 10 அசைவுகளைத்தான்!

2018-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சி, அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் 670 முதியவர்களிடம் நடந்தது. எல்லோரும் ஏற்கெனவே விழுந்தவர்கள், அல்லது நடையில் தடுமாற்றம் உள்ளவர்கள். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரம். வெறுமனே கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிட, தாய்ச்சி செய்தவர்கள் விழுவது 58 சதவீதம் குறைந்தது. நடை, தசைப் பயிற்சி, பேலன்ஸ் எல்லாம் கலந்து செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் உள்ள 195 பேரிடம் நடந்த ஆராய்ச்சி, 2012-ல் வெளியானது. அவர்களுக்கும் நிற்கிற நிதானம் கூடியது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரை வைத்து 2016-ல் வெளியான ஆராய்ச்சியில், 12 வாரம் தாய்ச்சி செய்தவர்களுக்கு, பிசியோதெரபிக்குச் சமமான வலி நிவாரணம் கிடைத்தது.

வீட்டில் தொடங்க மூன்று அசைவுகள்

முழு வரிசையையும் நல்ல ஆசிரியரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால், அதன் உயிரான எடை மாற்றத்தை வீட்டிலேயே பழகலாம். ஆடாத கனமான நாற்காலியின் முதுகையோ, சமையல் மேடையையோ கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரை காய்ந்திருக்கட்டும். வழுக்குகிற மிதியடியை எடுத்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

1. எடை மாற்றம்: தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கட்டும். மனசுக்குள் நாலு எண்ணிக்கொண்டே உடம்பின் எடையை வலது காலுக்குக் கொண்டுபோங்கள். இடது குதிகாலைச் சுலபமாகத் தூக்க முடிகிற அளவுக்கு வந்ததும், ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள். அதே நிதானத்தோடு இடது பக்கம். பக்கத்துக்கு ஆறு முறை.

2. கை உயர்த்துதல்: தாய்ச்சி வரிசையின் தொடக்க அசைவு இது. அதே நிலையில், மூச்சை உள்ளே இழுத்தபடி இரண்டு கைகளையும் முன்பக்கமாகத் தோள் உயரத்துக்கு மெதுவாக உயர்த்துங்கள். மூச்சை விட்டபடி கைகளை இறக்கி, கூடவே முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். தோளை விறைப்பாக வைக்க வேண்டாம். ஆறு முறை.

3. பூனை நடை: சுவர் ஓரமாக நில்லுங்கள். எடை முழுதும் வலது காலில். இடது காலை முன்னே எடுத்துவைத்து, குதிகால் மட்டும் தரையைத் தொடட்டும். எடையைக் கொடுக்காதீர்கள். கால் உறுதியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பாதத்தைப் பதித்து மெதுவாக எடையை மாற்றுங்கள். அப்புறம்தான் அடுத்த காலை எடுக்க வேண்டும். பத்து அடி போதும்.

மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம்தான். பேசிக்கொண்டே செய்யமுடிகிற அளவுக்கு மூச்சு சுலபமாக இருக்க வேண்டும். முழங்கால், கால் விரல் நுனியைத் தாண்டி முன்னே போகக்கூடாது. உள்பக்கமாகவும் சாயக்கூடாது. நிற்கவே முடியாதவர்கள், முதல் இரண்டையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யலாம்.

இவர்கள் ஜாக்கிரதை!

அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், எலும்பு முறிந்தவர்கள், எலும்பு பலவீனம் அதிகம் உள்ளவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், மூட்டில் குத்துகிற வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். பி.பி., சர்க்கரை மாத்திரைகளைத் தாய்ச்சிக்காக நிறுத்தக்கூடாது.

அதேபோல, தாய்ச்சி மட்டுமே காவல் இல்லை. பாத்ரூமில் கைப்பிடி, படுக்கையிலிருந்து டாய்லெட் வரை இரவு விளக்கு, வருடாந்திரக் கண் பரிசோதனை இவையும் வேண்டும். தூக்க மாத்திரையும் சில பி.பி. மாத்திரைகளும் எழுந்ததும் தள்ளாட வைக்கும். அடிக்கடி தள்ளாட்டம் வந்தால், மாத்திரைப் பட்டியலை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

'நான் யோகா செய்றேனே, போதாதா?'

நல்லதுதான், விடாதீர்கள். நின்று செய்கிற ஆசனங்களாலும் கால் பலம் கூடும். ஆனால், ஆசனத்தில் ஒரு நிலைக்கு வந்து அப்படியே நிற்கிறோம். தாய்ச்சியில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகர்வதே பாடம். நாம் விழுவது பெரும்பாலும் நகரும்போதுதானே!

பலன் ஒரு வாரத்தில் தெரியாது. ஆராய்ச்சிகளில் கிடைத்த பலன் எல்லாம் 12 முதல் 24 வாரம் விடாமல் செய்தவர்களுக்குத்தான். எனவே, ஒருநாள் ஒரு மணி நேரம் செய்துவிட்டு ஒரு மாதம் மறப்பதைவிட, தினம் பத்து நிமிடம் மேல்.

வீட்டுப் பெரியவர்களிடம் 'அத்தை, நீங்க இதைச் செய்யுங்க' என்று பேப்பரை நீட்டினால், 'எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்றியா?' என்றுதான் பதில் வரும்! 'வாங்க, சேர்ந்து செய்யலாம்' என்று பக்கத்தில் போய் நில்லுங்கள். உங்கள் கால்களுக்கும் இன்னும் கொஞ்ச வருடத்தில் இது தேவைப்படத்தானே போகிறது!