குறைந்த பிட்ரேட்டில் தெளிவான படம்

எங்க நெட்டப்பாக்கம் பக்கத்துத் திருவிழாக்களை வெளிநாட்டில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் செல்போனில் நேரலையாகப் பார்க்கிறார்கள். நெட் மெதுவானால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். வீட்டில் முதன்முதல் படிக்க வந்தவன் என்பதால், "ஏன் தம்பி இப்படி?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

ஹார்டுவேர் என்கோடர் என்பது வீடியோவைச் சுருக்கவே சிப்பில் அமைத்த தனிச் சுற்று. இன்டெல் 2011-ல் கொண்டுவந்த குயிக் சிங்க் ஓர் உதாரணம். வேகம் அதிகம்; ஆனால் சிக்கனமான வழியை நிதானமாகத் தேடாது. ஆகவே பிட்ரேட் குறைந்தால் தரம் சட்டென்று விழும்.

வழி என்ன? 1080-லிருந்து 720-க்கு இறங்குங்கள். ஒரு பிரேமின் புள்ளிகள் 20,73,600-லிருந்து 9,21,600 ஆகும். 60 பிரேம் வேண்டாம், 30 போதும். முன்பின் பிரேம்களைப் பார்த்துச் சுருக்கும் பி-பிரேம் வசதி இருந்தால் போடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஆட்டமும் இருட்டு இரைச்சலும் பிட்டைத் தின்றுவிடும்.

இருக்கும் கொஞ்சம் பிட்டும் முகங்களுக்கே போய்ச் சேரட்டும், நண்பர்களே!