பொருள் தெரியாமல் பாடிய ஆண்டு

2017 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்துப் பாடும் அங்கத்தை நடத்திக் கொண்டிருந்தேன். கூலாயிலிருந்து ஒரு சிறுமி இணைப்பில் வந்தாள். வயது எட்டு.

“அக்கா, நான் ஒரு பாட்டு பாடவா?”

“பாடும்மா. என்ன பாட்டு?”

“டெஸ்பசித்தோ.”

நான் பதில் சொல்வதற்குள் தொடங்கிவிட்டாள். சுருதி விலகவில்லை, தாளம் தவறவில்லை. முடித்ததும், “இதுக்கு என்ன அர்த்தம்மா?” என்று கேட்டேன். “தெரியாதுக்கா. எங்க ஸ்கூல்ல எல்லாரும் பாடுவாங்க” என்றாள். பின்னால் அவள் அம்மா சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன். எனக்கும் அர்த்தம் தெரியாது.

அடுத்த மாதமே தெரிந்துவிட்டது. ஜூலையில் பொதுமக்களிடமிருந்து வந்த புகார்களைத் தொடர்ந்து, அந்தப் பாடலை ஆர்டிஎம் வானொலிகளிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்புவதில்லை என அரசாங்கம் முடிவு செய்தது. பாடல் வரிகள் கேட்பதற்கு ஏற்றவையல்ல என்று தொடர்பு, பல்லூடக அமைச்சர் டத்தோஸ்ரீ சாலே சைட் கெருவாக் அறிவித்தார். தனியார் நிலையங்களுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. அவை தாங்களாகவே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து அந்தப் பாடலின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். ஒரு ஆண் ஒரு பெண்ணை எப்படி நெருங்க விரும்புகிறான் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிற வரிகள். எட்டு வயதுப் பிள்ளையை அதைப் பாடவைத்து, “சபாஷ்” என்று கைதட்டியும் இருக்கிறேன்.

அந்த வெட்கத்தில்தான் லத்தீன் இசையின் பக்கம் திரும்பினேன். லத்தீன் என்றதும் பழைய ரோமாபுரி மொழியை நினைக்க வேண்டாம். ஸ்பானிஷும் போர்த்துகீசும் பேசும் தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் பாட்டுகளைத்தான் அப்படி அழைக்கிறார்கள். அந்த இசைக்கு 2017 மறக்க முடியாத ஆண்டு. நாம் கேட்டதோ அதில் ஒரே ஒரு பாடலை.

தகிட தகிட தக

முதலில் அந்தப் பாடலையே பார்ப்போம். பாடியவர் லூயிஸ் ஃபொன்சி. புவேர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்தவர். 1998 முதல் காதல் பாடல்கள் பாடி வந்தவர். பனாமாவைச் சேர்ந்த எரிகா எண்டர் என்ற பெண் பாடலாசிரியரோடு சேர்ந்து இதை எழுதினார். ராப் பகுதிக்கு வந்தவர், 2004-இல் ‘கேசோலினா’ பாடலால் உலகை ஆடவைத்த டேடி யாங்கி. டெஸ்பசித்தோ என்றால் ‘மெதுவாக’ என்று பொருள். 2017 ஜனவரியில் வெளியானது.

பாடலின் தொடக்கத்தில் தந்திக் கருவி ஒன்று தனியாக ஒலிக்கும். கித்தார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது குவாத்ரோ, புவேர்ட்டோ ரிக்கோவின் நாட்டுப்புறக் கருவி. அதன் பின் வருவது ரெகேடோன் தாளம். ஜமைக்காவில் பிறந்து, பனாமாவில் ஸ்பானிஷ் பேசக் கற்று, புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்த தாளம் அது. அதன் கணக்கு நமக்குப் புதிதல்ல. மூன்று, மூன்று, இரண்டு. வாயால் ‘தகிட தகிட தக’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள், கால் தானாக ஆடும். உறுமி மேளம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளை அந்தத் தாளம் ஒரே நாளில் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

கனடாப் பாடகர் ஜஸ்டின் பீபர் கொலம்பியாவில் ஓர் இரவு விடுதியில் இதைக் கேட்டிருக்கிறார். ஏப்ரலில் அவர் குரலும் சேர்ந்த வடிவம் வெளியானது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அதற்கு முன்பே முதல் ஐம்பதுக்குள் வந்திருந்த பாடல், பிறகு முதலிடத்துக்குப் போய் 16 வாரம் அங்கேயே உட்கார்ந்தது. 1995-இல் மரியா கேரியும் பாய்ஸ் டு மென் குழுவும் சேர்ந்து படைத்த சாதனைக்கு அது சமம். 1996-இல் ‘மகரேனா’வுக்குப் பிறகு முதலிடம் பிடித்த ஸ்பானிஷ் பாடலும் இதுதான். நம் நாட்டில் தடை வந்த அதே வாரத்தில், 460 கோடி முறை கேட்கப்பட்டு, இணையத்தில் அதிகம் கேட்கப்பட்ட பாடல் என்ற பெயரையும் பெற்றது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி யூடியூப்பில் அதிகம் பார்க்கப்பட்ட காணொளியும் ஆனது.

யார் மொழியை யார் பாடுவது?

என் கண்ணில் பட்டது எண்களைவிடப் பெரிய ஒரு மாற்றம். 1999-இல் ரிக்கி மார்ட்டின் உலகைப் பிடித்தது ஆங்கிலப் பாட்டால். 2001-இல் ஷகிராவும் ஆங்கில ஆல்பத்தோடுதான் அமெரிக்காவுக்குள் நுழைந்தார். பெரிய சந்தைக்குப் போக வேண்டுமானால் தாய்மொழியை வாசலில் கழற்றி வைக்க வேண்டும் என்பது எழுதாத விதி.

2017-இல் வாசல் மறுபக்கம் திறந்தது. பீபர் ஸ்பானிஷ் வரிகளைக் கற்றுப் பாட வேண்டியிருந்தது. ஜே பால்வினும் வில்லி வில்லியமும் பாடிய ‘மி ஹெந்தே’ பாடலின் புதிய வடிவத்தில் பியான்சேயே ஸ்பானிஷில் பாடினார்.

நம் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். 2011-இல் ‘கொலவெறி’ உலகெங்கும் ஒலித்தபோது பெருமைப்பட்டோம். ஆனால் அதில் பெரும்பாலும் இருந்தவை ஆங்கிலச் சொற்கள். தமிழாக இருந்தது உச்சரிப்பும் தாளமும்தான். அதற்கு முன்பே, 2006-இல், நம் மண்ணின் யோகி பி – நட்சத்திரா குழு ‘வல்லவன்’ ஆல்பத்தில் தமிழ் ராப்பை நிமிர்ந்து நிற்க வைத்தது. அதே யோகி பியின் குரல்தான் 2017-இல் ‘விவேகம்’ படத்தின் ‘சர்வைவா’ பாடலில் அனிருத்தோடு ஒலித்தது. மலேசியக் குரலைத் தேடிச் சென்னை வருகிறது. ஆனால் ‘சர்வைவா’ கேட்டவர்களில் எத்தனை பேர் வீட்டில் ‘வல்லவன்’ ஆல்பம் இருக்கிறது?

விருது மேடையில் பார்த்தவர்கள்

லத்தீன் இசைக்கென்று தனி கிராமி விருது 2000-ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படுகிறது. பாதிக்கு மேல் ஸ்பானிஷிலோ போர்த்துகீசிலோ இருக்கும் படைப்புகளுக்கான விருது அது. 2017 நவம்பர் 16-ஆம் தேதி லாஸ் வேகாஸில் நடந்த விழாவில் டெஸ்பசித்தோ நான்கு விருதுகளை வென்றது. சிறந்த பாடலும் அதுவே, சிறந்த ஒலிப்பதிவும் அதுவே.

சிறந்த ஆல்பத்துக்கான விருது யாருக்குப் போனது தெரியுமா? 69 வயது ரூபன் பிளேட்ஸுக்கு. பனாமாக்காரர். சல்சா இசையில் சாதாரண மனிதர்களின் கதைகளைச் சொன்னவர். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 1994-இல் தன் நாட்டின் அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர். பிறகு ஐந்து ஆண்டுகள் சுற்றுலாத் துறை அமைச்சராக இருந்தவர். ராபர்ட்டோ டெல்காடோவின் இசைக்குழுவோடு அவர் பாடிய ‘சல்சா பிக் பேண்ட்’ ஆல்பத்துக்குத்தான் அந்த விருது. உலகமே ஒரு பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த ஆண்டில், ஆல்பம் என்று வந்தபோது மூத்தவரின் உழைப்பை எடுத்து மேலே வைத்தார்கள்.

ரெசிடென்டே என்ற புவேர்ட்டோ ரிக்கோ கலைஞரின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. மரபணுச் சோதனை செய்து, தன் முன்னோர் எந்தெந்த மண்ணிலிருந்து வந்தார்கள் என்று தெரிந்துகொண்டார். பிறகு சைபீரியா, சீனா, புர்கினா ஃபாசோ, கானா என்று அந்த இடங்களுக்கெல்லாம் போனார். அங்குள்ள கலைஞர்களோடு சேர்ந்து பாடல்களை உருவாக்கினார். தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்த ஆல்பத்துக்கு இரண்டு விருதுகள். பால்மரத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தாத்தாவின் ஊர்ப்பெயர்கூடத் தெரியாத வீடுகள் நம்மிடையே எத்தனை! அப்படி ஒரு தேடலை நம் கலைஞர் ஒருவர் பாட்டாக்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்சிகோவின் நத்தாலியா லாஃபோர்காடே, வயதான இரண்டு கித்தார் கலைஞர்களைத் துணைக்கு வைத்து ‘மூசாஸ்’ என்ற ஆல்பத்தைத் தந்தார். நாட்டுப்புறப் பிரிவின் விருது அதற்கு. ஆண்களின் கோட்டையாக இருந்த மரியாச்சி இசையில், பெண்கள் மட்டுமே உள்ள ஃப்ளோர் தே தொலோவாச்சே குழு விருது வாங்கியது. இவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் அதற்கு முன் கேட்டதில்லை. வானொலியில் வேலை செய்பவளின் நிலையே இப்படி.

புயலும் பாட்டும்

அந்த ஆண்டில் கொண்டாட்டம் மட்டும் இருக்கவில்லை. செப்டம்பர் 20-ஆம் தேதி ‘மரியா’ சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப் போட்டது. டெஸ்பசித்தோ காணொளியில் பார்த்தோமே, கடலோரத்து வண்ண வீடுகள், சான் ஹுவான் நகரின் லா பெர்லா பகுதி, அதுவும் தப்பவில்லை. மின்சாரம் இல்லாமல் மாதக்கணக்கில் மக்கள் தவித்தார்கள். அக்டோபரில் லின்-மானுவல் மிராண்டா நிவாரண நிதிக்காக ஒரு பாடல் வெளியிட்டார். ஃபொன்சி உட்படப் பலர் அதில் பாடினார்கள். தீவின் 78 ஊர்களின் பெயர்களும் அந்தப் பாட்டில் வரும். செய்திகளில் இடம்பெறாத சின்ன ஊர்க்காரனும் தன் ஊர்ப்பெயரைக் கேட்டு அழுதிருப்பான். சிகாமாட், குளுவாங், மாசாய், உலு திராம் என்று நம் ஊர்ப்பெயர்களை யாராவது பாட்டில் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

தோற்ற பிறகும்

2018-இல், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, நம் நேரப்படி திங்கட்கிழமை காலை, நியூயார்க்கில் முதன்மை கிராமி விழா நடந்தது. டெஸ்பசித்தோ மூன்று பிரிவுகளில் போட்டியிட்டு ஒன்றிலும் வெல்லவில்லை. புரூனோ மார்ஸ் பெரிய விருதுகளை அள்ளிச் சென்றார்.

வருத்தம்தான். ஆனால் அந்தத் தோல்வி அவர்களைச் சாய்த்துவிடாது. தங்கள் மொழிக்கென்று ஒரு மேடையை அவர்களே கட்டி வைத்திருக்கிறார்கள். யார் எழுதினார், யார் வாசித்தார், எந்த ஆண்டு எந்த ஆல்பம் வந்தது என்று ஆண்டுதோறும் அங்கே பதிவாகிறது. மற்றவர் கைதட்டாவிட்டாலும் அந்தப் பதிவு இருக்கும்.

நம்மிடம் இல்லாதது திறமை அல்ல, அந்தப் பதிவு. உள்ளூர்க் கலைஞர்கள் தங்கள் பாட்டை வாட்சாப்பில் அனுப்பி, “அக்கா, ஒரு தடவை போடுங்களேன்” என்று கேட்கிறார்கள். போடுகிறேன். பாடியவர் பெயரைச் சொல்கிறேன். எழுதியவர் பெயரையும் மேளம் வாசித்தவர் பெயரையும் சொல்ல மறந்துவிடுகிறேன். இந்த ஆண்டு அதை மாற்றிக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. டெஸ்பசித்தோவைத் தடை செய்தது சரியா தவறா என்று அப்போது வீட்டுக்கு வீடு விவாதம். நானும் ஒரு பக்கம் நின்று பேசினேன். பிறகு என் நிகழ்ச்சியின் பாடல் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். குத்துப்பாட்டு என்ற பெயரில் நான் காலை வேளையில் ஒலிபரப்பிய சில தமிழ்ப் பாடல்கள், டெஸ்பசித்தோவைவிட ஒரு படி மேலே. அவற்றின் அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். பழகிவிட்டதால் காதில் விழவில்லை, அவ்வளவுதான். தெரியாத மொழியில் ஏமாந்ததற்குச் சாக்கு சொல்லலாம். தாய்மொழியில் என்ன சாக்கு?

பிள்ளைகளிடம் பாட்டைப் பிடுங்குவது இதற்கு மருந்தல்ல என்றே நினைக்கிறேன். பிடுங்கினால் கைப்பேசியில் கேட்பார்கள். உடன் உட்கார்ந்து, “இது எந்த ஊர்ப் பாட்டு? என்ன சொல்கிறது?” என்று சேர்ந்து தேடலாம். பதில் நன்றாக இருந்தால் ஒரு புது நாடு வீட்டுக்குள் வரும். நன்றாக இல்லாவிட்டால், “இது நீ பெரியவளானதும் கேட்க வேண்டியது” என்று சொல்ல நம்மிடம் ஒரு காரணம் இருக்கும்.

கூலாய்ச் சிறுமியிடம் நான் விளையாட்டாகக் கேட்ட கேள்விதான்: “இதுக்கு என்ன அர்த்தம்மா?” இப்போதெல்லாம் பாட்டை ஒலிபரப்பும் முன் அதை என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.