நாங்கள் கொண்டுசென்ற நோட்டுப் புத்தகங்கள்

2023ஆம் ஆண்டு, ரமளானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தில், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒன்பது பேர் தொண்டுப் பயணமாகப் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றுக்குச் சென்றோம். வேனில் இருநூறு நோட்டுப் புத்தகங்கள், பேனாக்கள், இனிப்புப் பொட்டலங்கள். கூடவே, எங்கள் சங்கத்தின் பெயர் பொறித்த பெரிய பதாகை. அதை அங்கே யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம் ஒன்பது பேரில் ஒருவருக்கும் எழவில்லை.

நோட்டைப் பெற்றுக்கொண்ட ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், அதன் தாளை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தான். "ஜஸாகல்லாஹு கைரன், மாமா" என்றான். சற்றுத் தயங்கி, "ஆனால் இந்தத் தாள் எழுத்தாணியைத் தாங்காது, கிழிந்துவிடும்" என்றான். குறை கூறும் தொனி கிஞ்சிற்றும் இல்லை. அலுவலகத்துக்குப் பயன்படும் என்று சொல்லி ஆசிரியை எங்கள் மானத்தைக் காத்தார்.

எங்கள் சங்கடத்தை அவன் எப்படியோ உணர்ந்திருக்க வேண்டும். என் கையைப் பற்றித் தன் மேசைக்கு அழைத்துச் சென்றான். கெட்டித் தாளைப் பலகையில் பொருத்தி, எழுத்தாணியால் புள்ளி புள்ளியாகக் குத்தினான். ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிகள்தாம் இடம். மூன்று வயதில், சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி கண்ணில் பட்டுப் பின்னர் இரு விழிகளையும் இழந்த லூயி பிரெய்ல், 1824இல், தம் பதினைந்தாம் வயதில் வகுத்த முறை அது. கண்ணைப் பறித்ததும் கூர்முனை. கல்வியைத் தந்ததும் கூர்முனை!

"பாருங்கள் மாமா, தமிழை நாங்கள் அரபியைப் போல வலமிருந்து எழுதுவோம். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலே எழும்பி நிற்கும். அரபியைத் தமிழைப் போல இடமிருந்து ஓதுவோம்" என்று சொல்லி அவன் சிரித்தபோது, வகுப்பே சேர்ந்து சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியை நாங்கள் கொண்டுசெல்லவில்லை. அது அங்கேயே இருந்தது.

பிரெய்ல் எழுத்தில் அமைந்த ஜுஸ்உ அம்மாவும் அவனிடம் இருந்தது. உனக்குப் பிடித்த சூரா எது என்று கேட்டேன். "எங்களுடைய சூரா" என்று கூறி, 'அபஸ'வை எடுத்தான்.

குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், மார்க்கத்தை அறியும் ஆவலோடு வந்தார் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). அவருக்கு முகம் கொடுக்காதது குறித்து இறங்கியவையே 80ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள். பிற்காலத்தில் அவர் மதீனாவில் பாங்கு சொன்னவர்; பெருமானார் வெளியூர் சென்றபோது அந்நகரின் பொறுப்பையும் ஏற்றவர். இவற்றையெல்லாம் நான் மேடையில் பேசியிருக்கிறேன். ஆனால், அந்தச் சூராவை ஒரு சிறுவனின் விரல் ஓதுவதை அன்றுதான் கண்டேன். பதாகையைச் சுருட்டும்படி நண்பரிடம் சைகை காட்டினேன். அவர் அதற்குள் சுருட்டிவிட்டிருந்தார்.

அடுத்த மாதம் கெட்டித் தாள்களை அனுப்பிவைத்தோம். எவ்வளவு வேண்டுமென்று முதலில் கேட்டுக்கொண்டுதான்.

விடைபெறும்போது, என் பெயரைக் குத்தி ஒரு துண்டுத் தாளைத் தந்திருந்தான். திரும்பும் வழியில், வேனில் ஒன்பது பேரும் கண்களை மூடிக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக அதைத் தடவிப் பார்த்தோம். ஊர் வந்து சேரும்வரை முதல் எழுத்தைக்கூட எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.