தலைகீழாகப் பறந்த விமானமும் நான் திருத்திக்கொண்ட பாடமும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம். எட்டாம் வகுப்பில் காற்றழுத்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஜன்னலைத் திறந்தால் நோட்டுப் புத்தகங்கள் தாமாகவே புரளும். அந்தக் காற்றையே தொடக்கமாக வைத்து, விமானம் எப்படிப் பறக்கிறது என்ற கேள்விக்கு வந்தேன்.

கரும்பலகையில் இறக்கையின் குறுக்குவெட்டை வரைந்தேன். மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. “மேலே செல்லும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே செல்லும் காற்றோடு ஒரே நேரத்தில் மறுமுனையில் சேர வேண்டும் என்பதால் அது வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அதனால் இறக்கை மேலே தூக்கப்படுகிறது” என்றேன். பதினைந்து ஆண்டுகளாக ஒரு சொல்லும் மாறாமல் நான் சொல்லிவந்த விளக்கம் இது.

மறுநாள் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு காணொளி காட்டினேன். 1960களின் வரைபடத்தைக் கொண்டு ஒருவர் ரேடியோவால் இயங்கும் வான்சாகச மாதிரி விமானத்தைக் கட்டிப் பறக்கவிடுகிறார். விமானம் வட்டமடித்தது, உருண்டது, பிறகு தலைகீழாகத் திரும்பி, திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராகச் சென்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து நின்றாள்.

“சார், தலைகீழாப் போறப்ப அந்த வளைவு கீழ வந்துருமே. நீங்க சொன்னபடி பாத்தா அது கீழதானே இழுக்கணும்? ஏன் சார் விழலை?”

என்னிடம் பதில் இல்லை. “அதெல்லாம் மேல்வகுப்பில் வரும், உட்காரும்மா” என்றேன். அடுத்த இரண்டு வாரமும் அந்தப் பிள்ளை என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பழைய விமானங்களைத் தேடி

பதிலைத் தேடி, அந்தக் காணொளியில் பார்த்த விமானங்களின் கதையைப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937-இல் ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தை ரேடியோ அலைகளால் இயக்கிப் பறக்கவிட்டனர். இந்தத் துறையின் முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று. அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் வான் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

ரேடியோ கட்டுப்பாட்டு வான்சாகசத்துக்கான முதல் உலகப் போட்டி 1960-இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது. ‘ஓரியன்’ என்ற விமானத்தை இயக்கிய எட் காஸ்மிர்ஸ்கி வென்றார். அன்றைய ரேடியோ கருவியில் இன்றுள்ளதுபோல விரலசைவுக்கு ஏற்ப மடல் கொஞ்சம் கொஞ்சமாக அசையாது. பொத்தானைத் தட்டினால் மடல் முழுவதுமாகத் திரும்பும், விட்டால் நடுநிலைக்கு வந்துவிடும். தட்டித் தட்டியே வட்டம் போட்டார்கள். 1967-இல் கோர்சிகா தீவில் பில் கிராஃப்ட் தம் ‘குவிக் ஃப்ளை’ விமானத்தாலும், 1977-இல் அமெரிக்காவில் ஆஸ்திரியாவின் ஹானோ பிரெட்னர் தம் ‘குராரே’ விமானத்தாலும் உலகப் பட்டம் பெற்றனர். இந்தப் பழைய வரைபடங்களை எடுத்து மீண்டும் கட்டிப் பறக்கவிடுவதற்கென்றே இன்று வெளிநாடுகளில் தனிக் குழுக்கள் இருக்கின்றன.

இந்த விமானங்களின் இறக்கை நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், எடை மூன்று கிலோ அளவில் இருக்கும். பால்சா என்ற மிக லேசான மரத்தில் விலா எலும்புகள்போல் பட்டைகளை அறுத்து ஒட்டி, மேலே பட்டுத் துணியை இழுத்துப் போர்த்தி, மெருகெண்ணெய் பூசி விறைப்பாக்குவார்கள். இன்ஜின் 10 சி.சி. அளவு. எரிபொருள் மெத்தனால். அதில் உராய்வைக் குறைக்கக் கலந்தது நம் வீட்டு விளக்கெண்ணெய்! இதைச் சொன்னபோது என் மாணவர்கள் நம்பவில்லை. இன்னொன்றும் சொன்னேன். ஆண்டிபட்டி பக்கம் போகும்போது நாம் பார்க்கும் காற்றாலைகளைப் போன்றவற்றின் இறகுகள் பலவற்றின் உள்ளீடாகவும் அதே பால்சா மரம்தான் பயன்படுகிறது. இறகும் ஓர் இறக்கைதானே.

நான் எங்கே தவறினேன்?

வான்சாகசப் போட்டியில் நேராகப் பறப்பதைப் போலவே தலைகீழாகப் பறப்பதற்கும் மதிப்பெண் உண்டு. அதனால் இந்த விமானங்கள் பலவற்றின் இறக்கைக்கு மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே வளைவு. மேலே உள்ள தூரமும் கீழே உள்ள தூரமும் சமம். என் கரும்பலகை விளக்கம் சரியென்றால் இவை தரையை விட்டே எழும்பக் கூடாது.

காற்றின் வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது என்ற பெர்னூலியின் கருத்தில் பிழையில்லை. இறக்கையின் மேல்பக்கக் காற்று வேகமாகச் செல்வதும் உண்மையே. ‘இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டும்’ என்று நான் சொன்ன காரணம்தான் தவறு. காற்றுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அளந்து பார்த்தால் மேலே செல்லும் காற்று கீழே செல்வதைவிட முன்னதாகவே மறுமுனையைக் கடந்துவிடுகிறது.

மாணவர்களுக்கு எளிதில் புரியும் வழி நியூட்டனின் மூன்றாம் விதி. இறக்கை தன் முன்விளிம்பைச் சற்றுத் தூக்கிக்கொண்டு காற்றில் செல்கிறது. அதன் மேலும் கீழும் செல்லும் காற்று இரண்டும் கீழ்நோக்கித் திருப்பப்படுகின்றன. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. அழுத்த வேறுபாடு என்பது இதே நிகழ்வை வேறு பக்கத்திலிருந்து பார்ப்பது.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். விமானம் தலைகீழாக இருக்கும்போது, இயக்குபவர் வாலிலுள்ள ‘எலிவேட்டர்’ மடலை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அசைத்து, மூக்கை வானத்தை நோக்கிச் சற்றுத் தூக்கி வைக்கிறார். இறக்கை மீண்டும் காற்றைக் கீழே தள்ளுகிறது. விமானம் விழுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் வளைந்த இறக்கைகூடத் தலைகீழாகப் பறக்க முடியும். அதற்குச் சாய்வு கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சாய்வுக்கும் எல்லை உண்டு. பொதுவாக 15 பாகையை ஒட்டி, மேல்பக்கக் காற்று இறக்கையைவிட்டுப் பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டென்று குறையும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

ரேடியோ விமானம் நம் பள்ளிச் செலவுக்கு அடங்காது. ஆனால் அதே பாடத்தை ஒரு கோப்பு அட்டை சொல்லிக்கொடுக்கும். வானவில் மன்ற வகுப்புகளிலும் இதைச் செய்யலாம். தேவையானவை: பழைய கோப்பு அட்டை, 25 செ.மீ. நீள மெல்லிய மூங்கில் குச்சி, பசை, காகிதக் கவ்வி அல்லது களிமண்.

1. அட்டையில் 24 × 6 செ.மீ. அளவில் இறக்கை, 10 × 4 செ.மீ. அளவில் கிடைவால், 5 × 4 செ.மீ. அளவில் நிமிர்வால் வெட்டுங்கள். இறக்கையை வளைக்க வேண்டாம். தட்டையாகவே இருக்கட்டும்.

2. குச்சியின் முன்முனையிலிருந்து 7 செ.மீ. தள்ளி இறக்கையின் முன்விளிம்பு வரும்படி ஒட்டுங்கள். பின்முனையில் இரண்டு வால்களையும் ஒட்டுங்கள்.

3. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே, இரு பக்கமும் விரல் நுனிகளால் தாங்கிப் பாருங்கள். விமானம் சமமாக நிற்கும்வரை மூக்கில் கவ்வியோ களிமண்ணோ சேருங்கள். இந்த ஈர்ப்பு மையம் சரியாக அமையாவிட்டால் வேறு எதைச் செய்தாலும் பறக்காது.

4. கிடைவாலின் பின்விளிம்பை மிகச் சிறிதளவு மேலே மடக்கி, மெதுவாக, நேராக விடுங்கள். மூக்கைத் தூக்கி நின்று விழுந்தால் மடிப்பைக் குறையுங்கள். தலைகுப்புறப் பாய்ந்தால் மடிப்பைக் கூட்டுங்கள். ஒரு பக்கமே திரும்பினால் இறக்கை முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

5. நன்றாகப் பறந்ததும் விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்து, வாலின் மடிப்பை இப்போது மேலாக உள்ள பக்கத்துக்கு மாற்றி விடுங்கள்.

தட்டை அட்டைக்கு மேலும் கீழும் ஒரே நீளம். அது பறப்பதே என் பழைய விளக்கத்துக்கு மறுப்பு. கவிழ்ந்தும் பறந்தால் இரண்டாவது மறுப்பு.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அட்டையைக் கேட்க வேண்டுமா? எனவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் பகுதியில் இதை மைதானத்தில் செய்யாமல் நீண்ட தாழ்வாரத்திலோ கூடத்திலோ செய்வது நல்லது. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அறுவடை முடிந்த வயல், காற்று அடங்கிய காலை நேரம், இவை இரண்டும் வாய்த்தால் அதைவிட நல்ல விமானத் தளம் கிடையாது. வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். ரேடியோ விமானமே வாங்கிப் பறக்கவிட விரும்பும் ஆசிரியர்கள், 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளையும் அப்பகுதி வான்வெளி அனுமதி வரைபடத்தையும் முதலில் பார்க்க வேண்டும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டுவதும் பறக்கவிடுவதும் பயிற்சியாகவே உள்ளன. ஆர்வமுள்ள மாணவர்களுக்கு அந்த வழியையும் சொல்லலாம்.

மீண்டும் அதே வகுப்பு

அப்துல் கலாம் ராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, பறவை பறக்கும் விதத்தை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் விளக்கினார். புரியவில்லை என்று மாணவர்கள் சொன்னதும் அவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். இந்த நிகழ்ச்சியை நானும் எத்தனையோ முறை மேடையில் சொல்லியிருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை ‘புரியவில்லை’ என்றபோது நான் செய்தது வேறு.

இரண்டு வாரம் கழித்து அட்டையும் குச்சியும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அதே இறக்கைப் படத்தை வரைந்து, ‘ஒரே நேரத்தில் சேர வேண்டும்’ என்ற வரியை எல்லோர் முன்னாலும் அடித்தேன். “இது தவறு. நான்தான் தவறாகச் சொன்னேன். இதைக் கண்டுபிடித்தது இவள்” என்று சொன்னேன். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது.

தாழ்வாரத்தில் அந்த மாணவி தன் விமானத்தைக் கவிழ்த்து விட்டாள். முதல் இரண்டு முறையும் அது பாதியிலேயே உருண்டு விழுந்தது. வாலைச் சரிசெய்து மூன்றாம் முறை விட்டபோது, இரண்டு வகுப்பறை நீளத்துக்குத் தலைகீழாகவே போய்த் தரையைத் தொட்டது. அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவள், “சார், இறக்கையைக் கொஞ்சம் சின்னதா வெட்டுனா இன்னும் வேகமாப் போகுமா?” என்று கேட்டாள்.

எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. “இன்னொரு அட்டை எடும்மா, வெட்டிப் பாத்துருவோம்” என்றேன்.