வீட்டுக்கு ஒரு பிள்ளை

டைட்டன், அசோக் லேலண்ட், டி.வி.எஸ். முதலிய பெருந்தொழிற்சாலைகளால் ஓசூரின் பெயர் தேசமெங்கும் பரவி நெடுங்காலமாகியும், சிப்காட் தொழிற்பேட்டை மதில்களுக்கு அப்பால் கேழ்வரகுக் கொல்லைகளில் கூலிக்கு உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அவ்வாலைகளின் உத்தியோக நாற்காலிகள் எட்டாத உயரத்திலேயே இருந்துவந்தன. அந்நாளில் தருமபுரி ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூர் வட்டத்தின் பாலிகானப்பள்ளி கிராமத்தில், 1997ஆம் ஆண்டு 'சாந்தி பவன்' என்னும் உண்டு உறைவிட வித்தியாலயத்தை ஸ்தாபித்தவர் ஆபிரகாம் ஜார்ஜ். கேரளத்தில் பிறந்து, இந்திய ராணுவத்தில் அதிகாரியாய்ப் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவில் கணினி மென்பொருள் நிறுவனம் நடத்திப் பொருளீட்டியவர் அவர்.

பெரும்பாலும் தலித் குடும்பங்களிலிருந்து, ஏறத்தாழ நான்கு வயதிலேயே குழந்தைகளைச் சேர்த்து, உணவு, உடை, வைத்தியம், ஆங்கிலக் கல்வி ஆகிய யாவற்றையும் இலவசமாய் அளித்து, கல்லூரிப் படிப்பு முடிந்து உத்தியோகத்தில் அமரும் வரையில் கைவிடாதிருப்பது இப்பள்ளியின் விசேஷம். ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு மட்டுமே இடம் என்னும் நியதியும் இங்கு உண்டு. 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியில் நிறுவனரின் செல்வம் கரைந்தபோது, வெளியார் நன்கொடையை நாடிப் பள்ளி பிழைத்தது.

சிலரையே தேர்ந்து முழுதும் தாங்கும் இம்முறைக்கு நேர்மாறான மார்க்கமும் உண்டு. ஆன் காட்டன் என்னும் மாது 1993இல் ஜிம்பாப்வே நாட்டுக் கிராமங்களில் 32 பெண்களின் பள்ளிச் செலவை ஏற்றுத் தொடங்கிய 'காம்ஃபெட்' இயக்கம், தனிப் பள்ளி எழுப்பாமல், ஊர்ப் பள்ளிகளிலேயே அவர்களைப் படிக்கவைத்து, ஜாம்பியா, கானா, தான்சானியா, மலாவி என விரிந்தது. அது அகலத்தை நாடிற்று. பாலிகானப்பள்ளி ஆழத்தை நாடிற்று.

ஆழத்துக்கும் ஒரு விலை உண்டு. தேர்வான பிள்ளை பியானோ பயில, உடன்பிறந்தோர் குடிசையிலேயே தங்குவதும், படித்து முடித்தவரின் முதற் சம்பளத்தை வீட்டுக் கடன்கள் எதிர்நோக்கி நிற்பதும் எளிய பாரங்கள் அல்ல. இப்பள்ளி மாணவியர் ஐவரின் வாழ்வைத் தொடர்ந்து, 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ஆவணத் தொடரும் இந்தத் தர்மசங்கடத்தை மறைக்கவில்லை. ஆயினும், வறுமையில் பிறந்த குழந்தைக்குக் குறைவது புத்தியன்று, இடையறாத கவனிப்பே என்பதைச் சாந்தி பவன் உணர்த்துகிறது. அக்கவனிப்பில் ஒரு பங்கையேனும், மற்றப் பிள்ளைகள் பயிலும் சர்க்கார் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்க்கும் கடமை, கோடிகளில் லாபம் ஈட்டும் ஓசூர்த் தொழில் நகரத்தையும் அரசாங்கத்தையும் சேர்ந்ததாகும்.