ஜீப்புக்கும் நாடி பார்க்கலாம்

சமதரையில் நன்றாக ஓடும் வண்டி, மேட்டில் ஏறும்போது மட்டும் இருமுகிறது, தயங்குகிறது, சில வேளைகளில் நின்றே விடுகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நெடுநேரம் சுற்றிய பிறகே உயிர் பெறுகிறது. அமெரிக்காவில் பழைய ஜீப் செரோக்கி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. 'பெட்ரோல் பம்பு போய்விட்டது' என்று பார்த்தவரெல்லாம் சொல்லிவிடுவார்கள். பம்போ பெட்ரோல் தொட்டிக்கு உள்ளே இருக்கிறது. பெட்ரோலை வடித்து, வண்டிக்கு அடியில் படுத்து, அரை நாள் பாடுபட்டுப் புதுப் பம்பைப் பொருத்திய பிறகும் இருமல் நிற்காமல் போவதுண்டு. நோய் வேறு இடத்தில் இருந்திருக்கும்!

மேடுபள்ளங்களில் செல்வதற்கு ஏற்ற இத்தகைய உயரமான கார்களுக்கு எஸ்.யு.வி. என்று பெயர். செரோக்கியின் இந்த வடிவம் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் 2001ஆம் ஆண்டு வரை தயாரானது. அதில் 1991 முதல் 1995 வரை வந்த 4 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கர் பலர் இதை வீட்டு வாசலில் வைத்தே பழுது பார்த்துவிடுகிறார்கள். அதற்கு வேண்டிய முக்கியக் கருவி ஒன்றுதான்: முள் நகரும் ஓர் அழுத்தமானி.

இந்த எஞ்சினில் கார்புரேட்டர் கிடையாது. பம்பு தள்ளும் பெட்ரோல் ஒரு வடிகட்டியைக் கடந்து, எஞ்சின் மேலுள்ள ஓர் உலோகக் குழாயை அடைகிறது. அதில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு தெளிப்பான்கள் பொருத்தப்பட்டுள்ளன. அவை மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வால்வுகள். எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒரு கணிப்பொறி முடிவு செய்கிறது. மிஞ்சும் பெட்ரோல் வேறொரு குழாய் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது. திரும்பும் வழியில் காவலாளிபோல் நிற்பது அழுத்தச் சீராக்கி. ஒரு ஸ்பிரிங்கும், மெல்லிய ஒரு சவ்வும்தான் அதன் உறுப்புகள். அழுத்தம் மிகுந்தால் சவ்வு விலகி வழிவிடும். குறைந்தால் வழியை அடைக்கும்.

இனி நாடி பார்ப்போம். உலோகக் குழாயின் மேல் சைக்கிள் டியூபின் வால்வு போன்ற ஒரு முனை மூடியோடு இருக்கும். அழுத்தமானியை அதில் மாட்டிச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் ஓடாமலே பம்பு ஓரிரு வினாடி இயங்கி நிற்கும். முள் 39 பவுண்டு அருகே நிற்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 39 பவுண்டு என்று பொருள். ஏறத்தாழ ஸ்கூட்டர் டயரில் உள்ள அழுத்தந்தான். இப்போது எஞ்சினை ஓட விட்டால் ஒரு விந்தை நிகழ்கிறது. பம்பு இடைவிடாது வேலை செய்தும் முள் 31க்கு இறங்குகிறது! சீராக்கியோடு இணைந்துள்ள மெல்லிய ரப்பர்க் குழாயைக் கழற்றினால் மீண்டும் 39.

காரணம் என்ன? எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்று வரும் வழி ஏறக்குறைய மூடியிருக்கும். சிலிண்டர்கள் காற்றை உறிஞ்சுவதால், தெளிப்பானின் நுனி இருக்கும் அறையில் அரைகுறை வெற்றிடம் உண்டாகிறது. அது பாதரச அளவில் ஏறக்குறைய 16 அங்குலம், அதாவது 8 பவுண்டு. ஒரு புறம் பெட்ரோல் 31 பவுண்டு தள்ளுகிறது. மறுபுறம் வெற்றிடம் 8 பவுண்டு இழுக்கிறது. கூட்டினால் 39. அந்த ரப்பர்க் குழாய் இதே வெற்றிடத்தைச் சீராக்கிக்கும் கொண்டுசெல்கிறது. எனவே எஞ்சின் எப்படி ஓடினாலும் தெளிப்பான் உணரும் அழுத்த வேறுபாடு மாறுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரில் காற்றழுத்தமே குறைவு. ஆகவே அங்கே முள் 31க்குச் சற்று மேலே நிற்கும். அது நோயன்று.

முள் 39க்கு ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பும்போது தொட்டியில் ரீங்காரம் கேட்காவிட்டால், முதலில் ஃபியூஸ், ரிலே, மின்கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரீங்காரம் கேட்டும் அழுத்தம் இல்லையென்றால், தொட்டிக்குத் திரும்பும் வழியிலுள்ள ரப்பர்க் குழாயை ஒரு கணம் மட்டும் அழுத்திப் பிடிப்பார்கள். முள் விர்ரென்று ஏறினால் பம்புக்கு வலு இருக்கிறது. வழியை ஒழுங்காக அடைக்காத சீராக்கியே குற்றவாளி. ஏறாவிட்டால் வடிகட்டி அடைத்திருக்கலாம், பம்புக்கு வரும் மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது பம்பே தேய்ந்திருக்கலாம். விலை குறைந்த வடிகட்டியை முதலில் மாற்றிப் பார்ப்பதே அறிவுடைமை.

சரி, நின்ற இடத்தில் சரியாக ஓடும் வண்டி மேட்டில் ஏன் திணறுகிறது? இதற்கு விடை தருபவர் பாதரசக் காற்றழுத்தமானியைத் தந்த அதே டாரிசெல்லிதான். துளையிலிருந்து பீறிடும் நீரின் வேகம், அதன் மேலுள்ள நீர் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1644இல் அவர் எழுதினார். அழுத்தம் பாதியானால் பெட்ரோல் பாதியாவதில்லை. 100க்கு 71 பங்கு இன்னும் வரும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி இந்தக் குறையைக் கண்டு சொல்ல, கணிப்பொறி தெளிப்பானைக் கூடுதல் நேரம் திறந்து ஈடுசெய்துவிடும். நிமிடத்துக்கு 700 சுற்றில் எஞ்சின் இருமுறை சுழல 171 மில்லி வினாடி ஆகிறது, நேரத்துக்குப் பஞ்சமில்லை. 4,000 சுற்றில் அதே வேலைக்குக் கிடைப்பது 30 மில்லி வினாடிதான். போதாக்குறைக்கு, முழு விசையில் ஓடும்போது கணிப்பொறி அந்த உணரியின் சொல்லைக் கேட்பதில்லை. தன் பழைய கணக்கின்படியே தெளிக்கிறது. எனவேதான் சில அமெரிக்கர்கள் அழுத்தமானியை முன்கண்ணாடியின் வெளிப்புறம் ஒட்டிக்கொண்டு மேட்டில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பெட்ரோல் உள்ள குழாயை ஒருபோதும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது.

காலையில் கிளம்பத் தாமதமாவது வேறு கதை. எஞ்சினை நிறுத்திய பின்னும் அழுத்தம் நெடுநேரம் தங்க வேண்டும். பிரஷர் குக்கரில் நீரின் கொதிநிலை உயர்வதை அறிவீர்கள். அதுபோல், சூடான எஞ்சின் மேல் நிற்கும் பெட்ரோல் ஆவியாகாமல் இருக்கவும் இந்த அழுத்தமே துணை. முள் மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிவு. திரும்பும் குழாயைப் பிடித்ததும் இறக்கம் நின்றால், கசிவது சீராக்கி. வரும் குழாயைப் பிடித்ததும் நின்றால், பம்பிலுள்ள ஒருவழி வால்வு. இரண்டையும் பிடித்தும் நிற்காவிட்டால் தெளிப்பான்களில் ஒன்று ஒழுகுகிறது. சீராக்கியின் சவ்வு கிழிந்திருந்தால் கருவியே வேண்டாம். வெற்றிடக் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் ஈரம் தெரியும், புகையும் கறுத்து வரும்.

மாணவர்களே, இதை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். தொழில் தெரிந்தவர் செய்யும்போது தள்ளி நின்று பாருங்கள். அழுத்தத்தில் உள்ள பெட்ரோல் மெல்லிய தூறலாகப் பீறிடும். ஒரு பொறி போதும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து செல்லும். அமெரிக்க வீடுகளின் கார்க் கொட்டகைகளில் எரிவாயு வெந்நீர்க் கலம் இருப்பதுண்டு. அதன் அடியில் அணையாமல் எரியும் சிறு சுடர்வரை அந்த ஆவி எட்டிவிடும். எனவே விவரம் அறிந்தவர்கள் வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளி, எஞ்சின் ஆறிய பின், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து, முனையைத் துணியால் சுற்றிக்கொண்டே கருவியை மாட்டுவார்கள்.

1997 மாடலிலிருந்து செரோக்கியில் சீராக்கியும் தொட்டிக்குள் போய்விட்டது. அழுத்தம் எப்போதும் 49 பவுண்டு. வெற்றிடக் கணக்கைக் கணிப்பொறியே பார்த்துக்கொள்கிறது. அந்த வண்டிகளில் முள் 39க்கும் 31க்கும் இடையே ஆடுவதைப் பார்க்க முடியாது.