நடுக்கடலில் படகு இன்ஜின் நின்றுவிட்டதா? டீசல் வரும் வழியைப் பாருங்க!

கரையில் வண்டி நின்னா ஓரம் கட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். கடலில் அது நடக்காது. நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் இழுத்துக்கொண்டே போகும். பாக் நீரிணை போன்ற குறுகலான பகுதியில் அப்படி மிதக்கும் படகு, சர்வதேச கடல் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும் ஆபத்தும் உண்டு.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டீசல் இன்ஜின் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றால், பெரும்பாலும் அதற்கு டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இதில் பல கோளாறுகளை ரெண்டு மூணு ஸ்பேனரை வைத்து நீங்களே சரிசெய்யலாம். எப்படி என்று பார்ப்போம். கடலில் சிக்னல் இருக்காது. இந்தப் பக்கத்தை இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

முதலில் படகு, அப்புறம் இன்ஜின்

நங்கூரம் இறங்கும் ஆழமாக இருந்தால் உடனே இறக்குங்க. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போடுங்க. ஜி.பி.எஸ். கருவியில் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பக்கத்துப் படகுக்குத் தகவல் சொல்லுங்க. இன்ஜின் ‘டக்’கென்று ஒரே அடியாக நின்றிருந்தால், புரொப்பல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம். அதை முதலில் பாருங்க.

டீசல் எந்த வழியாக வருகிறது?

டேங்க், தண்ணீர் பிரிக்கும் முதல் ஃபில்டர், ஃபீட் பம்பு, இரண்டாவது ஃபில்டர், இன்ஜெக்ஷன் பம்பு, நாசில். இதுதான் வரிசை. சில சிறிய இன்ஜின்களில் டேங்க் மேலே இருக்கும். ஃபீட் பம்பு இல்லாமல் டீசல் தானாக இறங்கும். கண்ட இடத்தில் கழற்றாமல், டேங்கில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்ஜினே அடையாளம் காட்டும்:
• வேகம் கூட்டும்போது மட்டும் இழுவை இல்லை: ஃபில்டர் அடைப்பு.
• வேகம் ஏறி ஏறி இறங்குது: லைனில் காற்று.
• விட்டு விட்டு ஓடுது, வெள்ளைப் புகை வருது: டீசலில் தண்ணீர் இருக்கலாம்.
• சிறிது நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகுது, மறுபடி நிக்குது: டேங்கின் காற்றுத்துளை அடைப்பு, அல்லது டேங்கில் கசடு.

படிப்படியாகச் செய்யுங்க

1. டேங்க்: டீசல் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்க. பிறகு மூடியைத் திறங்க. ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்தாலே இன்ஜின் ஓடும். கடல் தண்ணீர் தெறித்து உள்ளே போகாமல் பார்த்துக்கோங்க.

2. தண்ணீர்: முதல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து, கண்ணாடி பாட்டிலில் பிடிங்க. தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தனியாகத் தெரியும். சுத்தமான டீசல் வரும்வரை வடிங்க. வடித்ததைக் கடலில் கொட்டாமல் கரைக்குக் கொண்டுவாங்க.

3. ஃபில்டர்: கறுத்து, பிசுபிசுவென்று இருந்தால் மாற்றுங்க. அலை அதிகமான நாளில் டேங்கின் அடியில் கிடக்கும் கசடு கலங்கி மேலே வரும். அதனால்தான் நேற்று வரை நன்றாக ஓடிய இன்ஜின் இன்று நிற்கிறது. புதிய இரண்டாவது ஃபில்டருக்குள் கேனிலிருந்து நேரடியாக டீசல் ஊற்றாதீங்க. அதிலுள்ள தூசி வடிகட்டாமலேயே இன்ஜெக்ஷன் பம்புக்குப் போய்விடும். கைப்பம்பை அடித்து நிரப்புங்க.

4. ஏர் எடுப்பது: ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்க. ஃபீட் பம்பின் கைப்பிடியை அடிச்சுக்கிட்டே இருங்க. முதலில் நுரையாக வரும். குமிழ் இல்லாத டீசல் வந்ததும், அது வழிந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்க. அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதேபோலச் செய்யுங்க. ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் அழுத்திப் பிடிக்காதீங்க. 10 நொடி சுற்றி, ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்க. இல்லாவிட்டால் பேட்டரியும் போய்விடும்.

எச்சரிக்கை: நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயில் டீசல் மிக அதிக அழுத்தத்தில் பாயும். அங்கே கசிவு இருக்கிறதா என்று கையால் தடவாதீங்க. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏர் எடுத்தும் மறுபடி நின்றால்?

நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரை டீசல் உறிஞ்சி இழுக்கப்படுகிறது. அந்தப் பகுதி ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். வெளியே காய்ந்திருப்பதால் ‘கசிவே இல்லை’ என்று நினைத்துவிடுவோம். பம்பைத் தாண்டிய பிறகு கசிந்தால்தான் டீசல் கண்ணுக்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஃபீட் பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வேறொரு ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைச் சுத்தமான டீசல் கேனில் போடுங்க. ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்யுங்க. இன்ஜின் சீராக ஓடினால் கோளாறு டேங்க், பழைய ஹோஸ், முதல் ஃபில்டர் இவற்றில்தான். கேனை விழாமல் கட்டிவைத்து, மெதுவாகக் கரைக்கே வந்துவிடலாம். அப்போதும் நின்றால் கோளாறு பம்பிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. இன்ஜெக்ஷன் பம்பையும் நாசிலையும் கடலில் பிரிக்காதீங்க. அதற்குச் சோதனைக் கருவியுள்ள பட்டறை வேண்டும்.

அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு

டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கணும். ஹோஸில் உள்ள கை பல்பை அழுத்திப் பாருங்க. அது சப்பி ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு. எவ்வளவு அழுத்தியும் கெட்டியாகாவிட்டால் காற்று புகுகிறது, அல்லது பல்பின் வால்வு பழுது. பல்பில் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்கணும். பெட்ரோல் என்றால், சூடான இன்ஜின் அருகே லைனைக் கழற்றாதீங்க. பீடி, சிகரெட் கூடவே கூடாது.

கரையிலேயே செய்ய வேண்டியவை

கடலுக்குப் போகும் முன் முதல் ஃபில்டரில் தண்ணீர் வடிங்க. திரும்பியதும் டேங்கை நிரப்பி வைங்க. காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரம் படிந்து தண்ணீராவதும் குறையும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம், விசைப்படகு வைத்திருப்பவர்கள் டேங்கைக் கழுவி ஹோஸ்களை மாற்ற நல்ல நேரம்.

பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்: ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஒரு உபரி, செம்பு வாஷர்கள், ஹோஸ் கிளிப்புகள், 2 மீட்டர் ஹோஸ், பொருத்தமான ஸ்பேனர்கள், டார்ச், 5 லிட்டர் சுத்தமான டீசல்.

அரை மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால், இருட்டும் வரை போராட வேண்டாம். உதவி கேளுங்க:
• இந்தியக் கடலோரக் காவல்படை: 1554
• கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093
• வி.எச்.எஃப். கருவியில்: சேனல் 16

அழைத்ததும் முதலில் சொல்ல வேண்டியவை: படகின் பதிவு எண், ஜி.பி.எஸ். காட்டும் இடம், படகில் உள்ளவர்களின் எண்ணிக்கை. செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் வி.எச்.எஃப். தான் கைகொடுக்கும். கிளம்பும் முன் அது வேலை செய்கிறதா என்று ஒருமுறை பேசிப் பார்த்துக்கோங்க.